சாட்பாட்டின் ஞாபகம் எந்த ஏட்டில் இருக்கிறது?
(மளிகை, மொத்த வியாபார உறுப்பினர்கள் அறிய வேண்டியவை)

வியாபாரம் ஞாபகத்தால் நடப்பது. எந்தக் கடைக்காரர் எந்த ரகப் பருப்பு கேட்பார், யாருக்கு எத்தனை நாள் தவணை, யாருக்கு எந்த ரேட்டு என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருக்கும் முதலாளியும் கணக்குப்பிள்ளையும்தான் ஒரு கடையின் மூலதனம். மனத்தில் நில்லாததைச் சிட்டையில் எழுதினோம். சிட்டையிலிருந்து பேரேட்டில் ஏற்றினோம். இப்போது ஆர்டரில் பெரும்பகுதி வாட்ஸ்அப் செய்தியாக வருகிறது. காலையில் கடை திறக்கும் முன்பே நாற்பது, ஐம்பது செய்திகள் காத்திருக்கின்றன. ரேட் கேள்வி, சரக்கு ஆர்டர், பணம் போட்ட ரசீது, "நேற்று வந்த உளுந்து சரியில்லை" என்ற புகார் எல்லாம் ஒரே வரிசையில் கலந்து கிடக்கின்றன.

இந்த நிலையில்தான் சாட்பாட் எனப்படும் உரையாடல் உதவியாளரை விற்பவர்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார்கள். "உங்கள் வாடிக்கையாளர் பேசியது அனைத்தும் இதற்கு ஞாபகம் இருக்கும். எது கேட்டாலும் நொடியில் தேடி எடுத்துத் தரும்" என்று சொல்லுகிறார்கள். இதை நம்பி வாங்கலாமா, கடன் பாக்கி விஷயத்தில் இதன் சொல்லை ஏற்கலாமா என்று உறுப்பினர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். ஒரு கருவியை வாங்கும் முன் அது வேலை செய்யும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. தராசு வாங்கும்போது முள் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம்?

தானாக ஞாபகம் கிடையாது

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: சாட்பாட்டின் உள்ளே இருக்கும் மொழி இயந்திரத்துக்கு உங்கள் கடையைப் பற்றித் தானாக எந்த ஞாபகமும் கிடையாது. அது ஏராளமான நூல்களையும் எழுத்துகளையும் வைத்துப் பயிற்சி பெற்றது. மொழி அறியும், பொது விஷயங்கள் பல அறியும். ஆனால் நேற்று உங்கள் வாடிக்கையாளர் சொன்னது அதில் பதிவாகிவிடுவதில்லை.

நன்றாகப் படித்த, கையெழுத்து அழகான ஒரு கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் ஒரே ஒரு குறை. ஒரு கேள்விக்குப் பதில் சொன்னதும் அது வரை நடந்த அத்தனையும் அவருக்கு மறந்துவிடும். ஆகவே ஒவ்வொரு கேள்வியின்போதும் அதற்கு முன் நடந்த பேச்சு முழுவதையும் எழுதி அவர் மேசை மீது வைக்கிறோம். அவர் முதலிலிருந்து படித்துவிட்டுப் பதில் எழுதுகிறார். அடுத்த கேள்விக்கு மீண்டும் முதலிலிருந்து படிக்கிறார். சாட்பாட் உரையாடல் இப்படித்தான் நடக்கிறது. வேகம் அதிகமாக இருப்பதால் அது நினைவில் வைத்துப் பேசுவதுபோல நமக்குத் தோன்றுகிறது.

இந்தத் தோற்றம் புதிதன்று. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். "என்னுடைய" என்று தொடங்கி எவராவது ஒன்றைச் சொன்னால் அதை அது தனியே எடுத்து வைத்துக்கொள்ளும். பேச வேறு வழி இல்லாதபோது அந்தப் பழைய வாக்கியத்தைத் திருப்பி எடுத்துக் கேட்கும். இவ்வளவுதான் அதன் ஞாபகம். ஆனாலும் எதிரே இருந்தவர்கள் தங்கள் பேச்சை அது மனத்தில் வைத்திருப்பதாகவே எண்ணினார்கள். அன்று எலைசா செய்ததும் இன்றைய சாட்பாட் செய்வதும் அடிப்படையில் ஒரே காரியம்: எங்கோ எழுதி வைத்ததை எடுத்து முன்னால் வைப்பது. எழுதி வைக்கும் இடமும் தேடும் முறையும் மட்டும் மிகப் பெரிதாக வளர்ந்துள்ளன.

மேசை, துண்டுச் சீட்டு, அலமாரி

சாட்பாட்டின் ஞாபகம் மூன்று இடங்களில் இருக்கிறது எனலாம்.

முதலாவது மேசை. கேள்வியோடு சேர்த்து அது ஒரே சமயத்தில் படிக்கக்கூடிய அளவு. இந்த அளவை 'டோக்கன்' என்ற சொல் துணுக்குக் கணக்கில் சொல்வார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபோது இந்த மேசையில் ஏறத்தாழ 4,000 டோக்கன்களே கொள்ளும். 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 இயந்திரத்தில் 8,192, 32,768 என்று இரு அளவுகள் இருந்தன. 2024 பிப்ரவரியில் கூகுள் நிறுவனம் 10 லட்சம் டோக்கன் கொள்ளும் ஜெமினி இயந்திரத்தை அறிவித்தது. மேசை பெரிதாகிக்கொண்டே வருகிறது.

ஆனால் இதில் தமிழ் வணிகருக்கு ஒரு நஷ்டம் உண்டு. ஆங்கிலச் சொல் ஒன்று பெரும்பாலும் ஓரிரு துணுக்குகளில் அடங்கிவிடும். அதே பொருளுள்ள தமிழ்ச் சொல் பல துணுக்குகளாக உடையும். எனவே அதே மேசையில் தமிழ்ச் செய்திகள் குறைவாகவே கொள்ளும். துணுக்குக் கணக்கில் கட்டணம் வாங்குபவரிடம் செலவும் கூடும். விலை பேசும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

மேசை பெரிதானால் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. நீண்ட எழுத்தைப் படிக்கக் கொடுத்தால், தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள செய்தியை இந்த இயந்திரங்கள் நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. நடுவில் உள்ளதைத் தவறவிடுகின்றன என்று 2023-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சோதித்து எழுதினார்கள். அதன் பிறகு வந்த இயந்திரங்கள் தேறியிருக்கின்றன. ஆனாலும் ஆறு மாதச் செய்திகளை மொத்தமாகக் கொட்டி "இதில் தேடு" என்று சொல்வது நல்ல முறையாகாது.

இரண்டாவது துண்டுச் சீட்டு. பேச்சு நீண்டு மேசை நிறைந்ததும் பழைய பகுதியைச் சுருக்கி நாலு வரியாக எழுதி வைத்துக்கொள்ளும் முறை இது. "இவர் பொன்னி அரிசி வாங்குபவர். வாரம் இரண்டு முறை ஆர்டர். 15 நாள் தவணை" என்பது போன்ற குறிப்புகள் இதில் இருக்கும். வசதியான முறைதான். ஆனால் சுருக்கும்போது எது விடுபடும் என்பதைக் கவனிக்க வேண்டும். "10-ம் தேதிக்குள் பணம் கட்டினால் மூட்டைக்கு 20 ரூபாய் கழிவு" என்று நீங்கள் எழுதியது, சுருக்கத்தில் "இவருக்கு மூட்டைக்கு 20 ரூபாய் கழிவு உண்டு" என்று ஆகிவிடலாம். நிபந்தனை போய்விட்டது. கழிவு மட்டும் நின்றுவிட்டது. வியாபாரத்தில் நிபந்தனைதானே லாபம்?

மூன்றாவது அலமாரி. எல்லாச் செய்திகளும் வந்தபடியே சேமித்து வைக்கப்படும் இடம் இது. கேள்வி வந்ததும் இங்கிருந்து சிலவற்றைத் தேடி எடுத்து மேசையில் வைத்து, அதைப் படித்துப் பதில் சொல்லச் செய்கிறார்கள். தேடி எடுத்து, பின் பதில் எழுதும் இந்த ஏற்பாட்டை 2020-ல் பேஸ்புக் ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரையில் விவரித்துப் பெயரும் சூட்டினார்கள். இன்று கடைகளுக்கு விற்கப்படும் சாட்பாட்டுகளில் பல இந்த முறையைச் சேர்ந்தவை. ஆகவே பதிலின் தரம் பெரிதும் தேடலின் தரத்தைப் பொறுத்தது. தவறான சீட்டு மேசைக்கு வந்தால், எவ்வளவு கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளையானாலும் தவறான பதிலைத்தான் எழுதுவார்.

தேடுவது எப்படி?

தேடலில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சொல் வழி. பெரிய புத்தகங்களின் கடைசியில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று அகராதி வரிசையில் கொடுத்திருப்பார்கள் அல்லவா? அதே போன்ற பட்டியலை இயந்திரம் எல்லாச் செய்திகளுக்கும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஒரு சொல்லைக் கேட்டதும் அது வரும் செய்திகளை உடனே எடுத்துவிடுகிறது. இதில் எல்லாச் சொல்லுக்கும் சம மதிப்பு கொடுத்தால் பயனில்லை. "வேண்டும்", "அனுப்புங்கள்" என்பவை எல்லாச் செய்தியிலும் வரும். "கசகசா" எப்போதோ ஒரு முறைதான் வரும். அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கை 1972-ல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் வகுத்துக் கொடுத்தார். இன்றுவரை தேடு பொறிகளில் அந்தக் கருத்து பயன்பட்டு வருகிறது.

சொல் வழித் தேடல் பில் நம்பர், லாரி நம்பர், பிராண்டு பெயர் போன்றவற்றுக்கு மிகச் சிறந்தது. 4417 என்று கேட்டால் 4417-ஐத்தான் எடுக்கும். ஆனால் நமது மொழியில் அதற்குச் சிரமங்கள் உண்டு. அரிசி, அரிசியை, அரிசிக்கு, அரிசியிலே என்று ஒரே சொல் பல வடிவம் எடுக்கும். சிலர் தமிழில் எழுதுவார்கள். சிலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார்கள். சரக்கின் பெயர்களோ ஊருக்கு ஊர் மாறும். ஒருவர் மல்லி என்பதை மற்றவர் தனியா என்பார். ஓர் ஊரில் சீனி என்பது இன்னோர் ஊரில் சர்க்கரை, வேறோர் ஊரில் அஸ்கா. சில ஊர்களில் சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை என்றே பொருள். சொல்லை மட்டும் பார்க்கும் தேடல் இங்கே திகைத்துப்போகும்.

இரண்டாவது பொருள் வழி. ஒவ்வொரு செய்தியையும் நூற்றுக்கணக்கான எண்கள் கொண்ட வரிசையாக இயந்திரம் மாற்றி வைத்துக்கொள்கிறது. பொருளில் நெருங்கிய செய்திகளுக்கு எண்களும் நெருக்கமாக அமையும்படி இது பயிற்றப்பட்டிருக்கிறது. சொற்களை இவ்வாறு எண்களாக்கும் முறை 2013-ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட 'வேர்டு டு வெக்' என்ற கருவியால் பரவலாயிற்று. மளிகைக் கடையில் மிளகும் சீரகமும் அடுத்தடுத்த டப்பாவிலும், சோப்பும் சலவைத் தூளும் வேறு தட்டிலும் இருப்பது போன்ற ஏற்பாடுதான் இது. "தனியா" என்று கேட்டாலும் "மல்லி விதை" என்று எழுதிய செய்தியை இது எடுத்துக் கொடுக்கக் கூடும்.

இதற்கும் பலவீனம் உண்டு. நெருக்கத்தைப் பார்க்கும் கருவிக்கு, "25 மூட்டை", "52 மூட்டை" என்பவை பெரிய வித்தியாசமாகத் தெரிவதில்லை. "உளுந்து வேண்டும்" என்பதும் "உளுந்து வேண்டாம்" என்பதும் ஒரே பேச்சைப் பற்றியவை என்பதால் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். பில் நம்பரைத் தேடச் சொன்னால் அதைப் போன்ற வேறொரு நம்பரை எடுத்து நீட்டவும் கூடும். ஆகவே நல்ல கருவிகள் இரண்டு வழிகளையும் சேர்த்தே தேடுகின்றன. அதற்கும் முன்னால் வாடிக்கையாளர் பெயர், தேதி என்று வடிகட்டிவிடுகின்றன. விற்க வருபவரிடம் "சொல் தேடலும் பொருள் தேடலும் இரண்டும் உண்டா? தேதி வாரியாக வடிகட்டுமா?" என்று கேட்டால், அவருக்குச் சரக்கு தெரியுமா என்பதும் நமக்குத் தெரிந்துவிடும்.

"போன தடவை எடுத்ததே போடுங்கள்"

நமது வியாபாரத்தில் மிகவும் சாதாரணமான ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். ஒரு சில்லறைக் கடைக்காரர் மொத்தக் கடைக்கு, "போன தடவை எடுத்ததே போட்டு விடுங்கள்" என்று அனுப்புகிறார். கடைப் பையனுக்கே இது புரியும். சாட்பாட் என்ன செய்யும்?

அது பொருள் வழியில் மட்டும் தேடுவதாக வைத்துக்கொள்வோம். இந்தச் செய்திக்கு மிக நெருக்கமானது எது? இதற்கு முன் இதே கடைக்காரர் அனுப்பிய "போன தடவை மாதிரியே அனுப்புங்கள்" என்ற செய்திகள்தான். அவற்றில் சரக்கின் பெயரே இல்லை. உண்மையான விடை "பொன்னி 10 சிப்பம், கடலை எண்ணெய் 4 டின்" என்று இருக்கும் பழைய பில்லில் இருக்கிறது. அந்தப் பில்லுக்கும் இந்தச் செய்திக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. நெருக்கத்தைத் தேடும் கருவி அந்தப் பில்லின் பக்கமே போகாது.

சொல் தேடலிலும் இதே கதைதான். அது மட்டுமன்று. கடைக்காரர் போன வாரம் 10 சிப்பம் என்று செய்தி அனுப்பி, பிறகு போனில் பேசி 6 சிப்பமாகக் குறைத்திருக்கலாம். போனில் பேசியது அலமாரியில் இல்லை. அலமாரியில் இருப்பது 10 மட்டும்தான். சாட்பாட் பத்தையே போடும். லோடு இறங்கிய பிறகு தகராறு வரும்.

இங்கே செய்ய வேண்டியது, "போன தடவை" என்ற சொல்லைக் கண்டதும், அந்த வாடிக்கையாளரின் கடைசி பில்லை பில்லிங் கணக்கிலிருந்து நேராக எடுக்கும்படி கருவியை அமைத்தல். எடுத்ததை வாடிக்கையாளருக்கே திருப்பி அனுப்பி "12-ம் தேதி பில்படி இந்தச் சரக்கு, இந்த அளவு. சரியா?" என்று கேட்டு, அவர் "சரி" என்ற பின்பே ஆர்டராக ஏற்க வேண்டும். இது இல்லாத கருவியிடம் ஆர்டர் எடுக்கும் பொறுப்பைக் கொடுக்கக் கூடாது.

பாக்கி கேட்டால்?

உறுப்பினர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் கடன் பாக்கி. தேடல் கருவி அலமாரியில் இருக்கும் எல்லாச் சீட்டையும் எடுத்து வருவதில்லை. பொருத்தமானவை என்று அதற்குத் தோன்றும் முதல் ஐந்தையோ, பத்தையோ, இருபதையோ மட்டுமே எடுக்கிறது. "இந்த ரேட் எப்போது பேசினோம்?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு சீட்டு கிடைத்தால் போதும். "இவர் மொத்தம் எவ்வளவு பாக்கி?" என்ற கேள்விக்கோ எல்லாப் பற்றும் எல்லா வரவும் வேண்டும். முப்பது வரவில் எட்டு வரவு கிடைத்து, அதை வைத்து அழகாகக் கூட்டிச் சொன்னால் அந்தத் தொகை எவருடைய கணக்கிலும் சேராது. ஆனால் அது சொல்லும் தொனியில் எந்தத் தயக்கமும் இருக்காது.

கட்டிவிட்ட பணத்தைக் கட்டவில்லை என்று ஒரு பழைய வாடிக்கையாளருக்குச் செய்தி போனால் என்ன ஆகும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. தொகை சிறிதாக இருக்கலாம். இருபது ஆண்டுப் பழக்கம் அன்றோடு முடியும். எனவே பாக்கித் தொகையை எக்காரணம் கொண்டும் செய்திகளிலிருந்து தேடிச் சொல்ல விடக் கூடாது. பேரேட்டில், அதாவது கணக்கு மென்பொருளில், அந்தப் புள்ளியின் இறுதி நிலுவையை எடுத்துச் சொல்லும்படி மட்டுமே அமைக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், "பாக்கி விவரம் கடையில் கேட்டுச் சொல்கிறோம்" என்று மட்டும் பதில் தரச் செய்வது நல்லது.

கிடைக்காவிட்டால் இட்டுக்கட்டும்

தேடிக் கிடைக்கவில்லை என்றால் "தெரியவில்லை" என்று சொல்லும்படி சாட்பாட்டுக்குக் கட்டளை இட வேண்டும். இட்டாலும் சில வேளைகளில் அது பொருத்தமாகத் தோன்றும் ஒரு பதிலைத் தானே புனைந்து சொல்லிவிடும். அப்படிச் சொன்ன பதிலுக்கு யார் பொறுப்பு?

கனடாவில் இதற்கு ஒரு தீர்ப்பு வந்துள்ளது. பாட்டி இறந்த துக்கத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட், முழுக் கட்டணத்தில் சீட்டு வாங்கிய பிறகும் 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துத் துக்கப் பயணச் சலுகை பெறலாம் என்று கூறியது. நிறுவனத்தின் உண்மையான விதியில் அப்படி இல்லை. பணத்தைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி என்ற முறையில் வாதிட்டது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு, நிறுவனமே பொறுப்பு என்று கூறி, வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடா டாலர் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

அது கனடா நாட்டுத் தீர்ப்பு, நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கடைத்தெரு நியாயமும் அதுவேதான். கல்லாவில் இருப்பவர் சொன்ன விலைக்குக் கடைதானே பொறுப்பு?

இன்னொருவர் ரேட் இவருக்குத் தெரியலாமா?

மொத்த வியாபாரத்தில் வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் ரேட் மாறும். அளவு, தவணை, பழக்கம் ஆகியவற்றைப் பொறுத்து அது அமையும். எல்லாச் செய்திகளையும் ஒரே அலமாரியில் கொட்டி வைத்து, வாடிக்கையாளர்வாரியாகப் பூட்டுப் போடாத கருவி, ஒருவர் ரேட் கேட்கும்போது மற்றவருக்குப் போட்ட ரேட்டை எடுத்துச் சொல்லிவிடக் கூடும். அதனால் வரும் வருத்தம் ஒரு கடையோடு நிற்காது. ஒருவர் கேட்கும் கேள்விக்கு அவருடைய செய்திகளுக்குள் மட்டுமே தேட வேண்டும் என்ற கட்டுப்பாடு கருவியின் தேடல் பகுதியிலேயே இருக்க வேண்டும். "பிறர் விவரம் சொல்லாதே" என்று சாட்பாட்டுக்கு வாய்மொழியாகச் சொல்லி வைப்பது போதாது. மேசைக்கு வந்த சீட்டை அது படிக்கவே செய்யும்.

வாடிக்கையாளரின் பெயர், போன் நம்பர், கொள்முதல் விவரம் எல்லாம் தனிநபர் தகவலில் அடங்கும். இதற்கென 2023-ல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வரும்படி வகுக்கப்பட்டுள்ளன. செய்திகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, ஒப்பந்தம் முடிந்தால் அழிக்கப்படுமா என்பதை விற்பவரிடம் எழுத்தில் பெறுவது நல்லது.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

சாட்பாட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கீழ்க்கண்ட பழக்கங்கள் பயன் தரும். எழுதி வைத்தது ஒழுங்காக இருந்தால்தான் யார் தேடினாலும் கிடைக்கும்.

1. சரக்குப் பெயர்ப் பட்டியல் ஒன்று தயாரியுங்கள். மல்லி, தனியா, கொத்தமல்லி விதை ஆகிய மூன்றும் ஒரே சரக்கு என்று அதில் எழுதி, பில்லில் ஒரே பெயரையே பயன்படுத்துங்கள். சாட்பாட் அமைப்பவரிடமும் இப்பட்டியலைக் கொடுங்கள்.

2. போனில் பேசி முடித்ததை உடனே ஒரு வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "பொன்னி 10-க்குப் பதில் 6 சிப்பம்" என்ற ஒரு வரி பல தகராறுகளைத் தவிர்க்கும். குரல் செய்திக்கும் சீட்டுப் படத்துக்கும் கீழே இதேபோல ஒரு வரி எழுதுங்கள்.

3. ரேட் மாறினால் தேதி போட்டு எழுதுங்கள். "இன்று முதல்" என்று எழுதினால் ஆறு மாதம் கழித்துத் தேடுபவருக்கு அது எந்த நாள் என்று விளங்காது.

4. பணம் வந்ததும் பில் நம்பரைக் குறிப்பிட்டு வரவுச் செய்தி அனுப்புங்கள்.

5. தானாக மறையும் செய்தி வசதியை வியாபார உரையாடல்களில் நிறுத்தி வையுங்கள். போன் தொலைந்தால் செய்திகள் போகாதபடி காப்புப் பிரதி எடுங்கள்.

6. செய்தி பேரேட்டுக்கு மாற்றாகாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். விற்ற சரக்கின் விலைக்காக வழக்குத் தொடர, காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள் தருகிறது. போனை மாற்றும்போது பழைய செய்திகள் போய்விட்டன என்று அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

வாங்கும் முன் ஒரு சோதனை

கருவியை வாங்கும் முன் ஒரு மாதச் செய்திகளைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். விடை உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த இருபது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றில் ஒரு பில் நம்பர் கேள்வியும், ஒரு ரேட் கேள்வியும், "போன தடவை மாதிரி" என்ற ஆர்டரும், ஆர்டர் செய்து ரத்தான சரக்கு ஒன்றும், ஒருபோதும் நடக்காத விஷயம் ஒன்றும் இருக்கட்டும். பிறர் ரேட்டைக் கேட்கும் கேள்வி ஒன்றையும் சேருங்கள். நடக்காததைக் கேட்டபோது "அப்படி ஒரு பதிவு இல்லை" என்று சொல்லுகிறதா என்று முக்கியமாகக் கவனியுங்கள்.

ஒவ்வொரு பதிலோடும், அது எந்தத் தேதியில் வந்த எந்தச் செய்தியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். மூலச் செய்தியைக் காட்டும் கருவியின் பதிலைச் சரிபார்க்க முடியும். காட்டாத கருவியின் பதிலை நம்பவும் முடியாது, மறுக்கவும் முடியாது. பழைய செய்திகளில் எத்தனை மாதத்தவை கருவிக்குள் ஏற்றப்படும் என்பதையும் கேளுங்கள். இணைத்த நாளுக்கு முந்தையவை தாமாக வந்து சேரும் என்று எண்ணிவிட வேண்டாம்.

நூற்றுக்கணக்கான செய்திகளுக்கு நடுவே ஒரு பில்லைத் தேடி அரை மணி நேரம் போக்குவது இன்று பல கடைகளில் அன்றாட நிகழ்ச்சி. அந்த நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி வரவேற்கத்தக்கதே. தேடும் வேலையை அதனிடம் கொடுக்கலாம். எடுத்து வந்ததைப் பார்த்து "சரி" என்று சொல்லும் வேலை முதலாளியிடமோ கணக்குப்பிள்ளையிடமோதான் இருக்க வேண்டும். கணக்குப்பிள்ளை எழுதிய சிட்டையை இரவு கடை கட்டும் முன் ஒரு முறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது நம் முன்னோர் வைத்திருந்த வழக்கம். சாட்பாட் அன்று எடுத்த ஆர்டரையும் சொன்ன ரேட்டையும் அதேபோல ஒரு முறை பார்த்துவிடும் வழக்கத்தை உறுப்பினர்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டுகிறோம்.